பச்சை உடம்புக்கு டேனிஷில் என்ன?

வாசகசாலை நண்பர்களுக்கு,

இன்று காலை மிஷன் ஆஸ்பத்திரியில் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கப் போனேன். டேனிஷ் இஞ்சினீயரிடம் தொழில் கற்றவன் என்பதால், டேனிஷ் டாக்டரம்மா என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்.

நேற்றுப் பிறந்த குழந்தை இறந்துவிட்டது. அலங்காநல்லூருக்கு எடுத்துப்போக வாசலில் வண்டி நின்றது.

"வண்டி வரைக்கும் வாரேன் அத்தே. ஒருக்கா மொகத்தப் பாத்துக்கிறேன்" என்றாள் தாய்.

"பச்ச ஒடம்போட வாசப்படி தாண்டக் கூடாது தாயி" என்றார் மாமியார்.

தாயைக் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டே, "பச்சை நிறம்தானே, அதற்கென்ன?" என்று, 'பச்சை' என்ற தமிழ்ச்சொல் மட்டும் புரிந்த டாக்டரம்மா என்னிடம் டேனிஷில் கேட்டார்.

நிறமில்லை, மாங்காயின் பச்சையுமில்லை. உள்ளே புண் ஆறாத உடம்பு என்றேன். திருத்தமான டேனிஷ்.

டாக்டரம்மா அவளை மறுபடி படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டார். வண்டி போய்விட்டது.

வேறு சொல் தெரிந்தவர்கள் இதன் கீழேயே எழுதுங்கள். இனி அவசரமில்லை.