முதல் எட்டுச் சுரம்

டொலிடோ நகரில் டெல் நோவாட்னியைத் தெரியாதவர்கள் உண்டு. ஆனால் அவர் பின்னால் ஐந்து நிமிடம் வரிசையில் நின்றுவிட்டு, அவர் யாரென்று தெரியாமல் வீடு திரும்பியவர் கிடையாது. மளிகைக் கடைக் கூரை ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் போதும், மனுஷன் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு விரலை உயர்த்துவார்.

"ஆரம்பத்துல வர்ற எட்டு சுரம் கேட்டீங்களா? அந்த பேஸ் கிட்டார்? அது நான்தான்."

பாவம், அவர்கள் முட்டை வாங்க வந்தவர்கள்.

பாட்டின் பெயர் 'பாலத்தடியில் நில்'. 1974இல் காப்பர் கெட்டில்ஸ் என்ற நால்வர் குழு போட்டது. அந்த ஆல்பத்தில் இன்னும் பதினோரு பாட்டுகள் இருந்தன. அந்த நால்வரைப் பெற்ற தாய்மார்கள்கூட அவற்றை முழுசாகக் கேட்டதில்லை. குழு இரண்டு வருடத்தில் கலைந்தது. டெல் ஹீட்டர் பழுது பார்க்கப் போனார். பாட்டு மட்டும் சாகவில்லை. காரில் கேட்கும் பாட்டுகள், கோடைக்காலப் பாட்டுகள், காதலி கைவிட்டவர்களுக்கான பாட்டுகள், முற்றத்தில் இறைச்சி சுடும்போது கேட்கும் பாட்டுகள் என்று எவன் எந்தத் தொகுப்பைப் போட்டாலும் இது அதில் இருக்கும். கெட்டில்ஸுக்கே ஒரு 'சிறந்த பாடல்கள்' தொகுப்பு வந்தது. பழைய ஆல்பம்தான், வரிசையை மாற்றி, அட்டையில் சூரிய அஸ்தமனம் போட்டிருந்தார்கள். பழைய கள், புதிய மொந்தை. அத்தனையும் டெல் வீட்டு அலமாரியில் இருந்தன.

அவரிடம் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று எட்டுச் சுரம். இன்னொன்று கல்யாணக் கதை. பாட்டுப் பதிவான அதே நாளில், ஸ்டுடியோவுக்கு எதிர்க்கடையில் சாண்ட்விச் வாங்கப் போன இடத்தில் கல்லாவில் இருந்த டார்லீனைப் பார்த்தார். கல்லா மேடையில் சாய்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். "ஒரே நாள்ல பாட்டும் கிடைச்சது, பொண்டாட்டியும் கிடைச்சா" என்று சொல்லி முடிப்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். டார்லீன் காபியைக் கலக்கிக்கொண்டிருப்பாள்.

அந்த எட்டுச் சுரத்துக்கு ஒரு பங்காளித் தகராறும் உண்டு. பாடகர் வென்டெல் புரூயிட் இப்போது பழைய கார் விற்கிறார். "வாசிச்சது அவன்தான், யார் இல்லேங்கறா? ஆனா அதை மூக்கால முனகிக் காட்டினது நான். அவன் கை, என் மூளை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஐம்பது வருடமாக இருவரும் ஒரே மதுக்கடையில் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள்.

ஐம்பதாவது ஆண்டுக்குச் சிறப்புப் பதிப்பு போடுவதாக ஒரு மறுவெளியீட்டுக் கம்பெனி கிளம்பியது. எவனோ ஒருவனின் கிடங்கில் பதிவு நாளின் மூல டேப்புகள் அகப்பட்டிருந்தன. தவறிப்போன வாசிப்புகள், இடையிடையே பேச்சு, இருமல் எல்லாம் அதில் இருந்தன. அந்த மாதிரிக் குப்பையைத்தான் ரசிகர்கள் விழுந்தடித்து வாங்குவார்கள். நல்ல வாசிப்புதான் ஏற்கெனவே அவர்களிடம் ஆறு இசைத்தட்டாக இருக்கிறதே.

டெல்லுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய பெயர் நிற்பதும் விழுவதும் அந்த டேப்பில் இருந்தது. வென்டெல் முனகினானா இல்லையா என்பது உலகத்துக்கே தெரிந்துவிடும்.

கம்பெனியிலிருந்து கெண்ட்ரா என்ற பெண் போன் செய்தாள். "மிஸ்டர் நோவாட்னி, டேப்பை உங்களுக்கு அனுப்பியிருக்கேன். சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு முழுசா கேளுங்க."

"நான் கேக்கணுமா? நான் அங்கேயே இருந்தவன்மா."

"இல்ல சார், நடுவுல கொஞ்சம் பேச்சு வருது. உங்களுக்கு வேண்டாம்னா வெட்டிடலாம்."

"ஒரு மூச்சைக்கூட வெட்டக் கூடாது. வென்டெல் சொல்லிக் கொடுத்தானா உனக்கு?"

"கண்டிப்பா வெட்ட வேண்டாமா சார்?" என்று மறுபடி கேட்டாள். அவர் சம்மதத்தை அங்கேயே சொன்னார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று தெரியாதவர்கள் இந்த இடத்தை இன்னொரு தரம் படித்துக்கொள்ளலாம்.

வெளியீட்டு நாளில் இசைத்தட்டுக் கடையில் கூட்டம். நரைத்த குடுமிகளும், வயிற்றை மூடாத பழைய டி-ஷர்ட்டுகளும் வந்திருந்தன. டெல் முன் வரிசையில் கிட்டாரோடு உட்கார்ந்தார். பக்கத்தில் டார்லீன். வென்டெல் பின்சுவரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர் தட்டைச் சுழலவிட்டார்.

முதல் வாசிப்பில் பேஸ் தடுமாறியது. இரண்டாவதிலும் அதே இடத்தில் தடுமாறியது. மூன்றாவதில் எங்கே தடுமாறவில்லை என்று தேட வேண்டியிருந்தது. டெல் கூட்டத்தைப் பார்த்து, "கிட்டார் ஸ்ருதி நிக்கல" என்றார். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்.

பிறகு தயாரிப்பாளரின் குரல் வந்தது. அந்த மனுஷன் செத்து இருபது வருடம் ஆயிற்று, குரல் மட்டும் சுத்தமாக இருந்தது.

"போதும்பா. அந்த பேஸ் பையனைச் சாப்பாடு வாங்க அனுப்பு. சீக்கிரம் வரத் தேவையில்லன்னு சொல்லு. எனக்கு வெங்காயம் வேண்டாம்."

கதவு சாத்தும் சத்தம்.

"பக்கத்து ரூம்ல விளம்பரத்துக்கு வாசிக்க வந்திருக்காளே ஒருத்தி, அவளைக் கூப்பிடு."

யாரோ ஒரு பெண், எந்தச் சுருதி என்று கேட்டாள். கேட்டுக்கொண்டு, போகிற போக்கில் எட்டுச் சுரம் வாசித்தாள். உலகமே அறிந்த அதே எட்டு. உடனே இளம் வென்டெலின் குரல்: "ஆத்தாடி, இது என்ன? எங்கேருந்து வந்துச்சு இது? இன்னொரு தரம் வாசி."

பின்சுவரில் இருந்த வென்டெல் எப்போது வெளியேறினார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. ஐம்பது வருடம் இரண்டு பேர் அடித்துக்கொண்ட சொத்து மூன்றாவது ஆளுடையது. டெல் மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தில் ஏதாவது மாறிவிடும் என்பதுபோலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொய் சொன்னவர் இல்லை, அதுதான் கொடுமை. மேடையில் நூறு முறை அதை வாசித்து வாசித்து, முதல் முறையும் தானே வாசித்ததாக மனசார நம்பிவிட்டார்.

காரில் வீடு திரும்பினார்கள். ரேடியோவை அணைத்தே வைத்திருந்தார்கள். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு வரும் என்று யார் கண்டது.

"உனக்குத் தெரியுமா?" என்று டெல் கேட்டார்.

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"அன்னைலேர்ந்து. ஒன்றரை மணி நேரம் என் கல்லா மேடையில சாஞ்சு நின்ன. வாசல்ல வந்து உங்க டிரம்ஸ்காரன், பாட்டு முடிஞ்சுபோச்சு, பசிக்குதுன்னு கூப்பிட்டான். அங்க நீ எப்ப வாசிச்சிருப்ப? நான் என்ன கணக்குத் தெரியாதவளா?"

"ஏன் சொல்லல?"

"ரெண்டு கதையையும் ஒரே மூச்சுல நீதான் ஊருக்கெல்லாம் சொல்ற. ஒருத்தருக்கும் உறைக்கல. நான் எதுக்கு நடுவுல?" அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அதோட, அதைச் சொல்றப்ப உன் மூஞ்சி நல்லா இருக்கும்."

டெல்லின் கண் கலங்கியது. ஸ்டீயரிங்கை விட்டு ஒரு கையை எடுத்து அவள் கையைப் பிடித்தார்.

"ஆனா ஒண்ணு டெல்" என்றாள் டார்லீன். "அந்தாளு வெங்காயம் வேண்டாம்னு சொன்னதை இன்னைக்குத்தான் கேட்டேன்."

"அதுக்கென்ன?"

"எல்லாத்துலயும் வெங்காயம் தூக்கலா போடுன்னு சொல்லி வாங்கிட்டுப் போனியே. அன்னைக்கு உன்னை நம்பிக் குடுத்த வேலை அது ஒண்ணுதான்."