லெனாட் ஊதின பிழையான விசில்

குருநகரில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற லெனாட் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பின்னேரத்தில் மாதா கோயில் வளவுக் கூடைப்பந்துத் திடலில் விசிலோடு இறங்கினால், படிச்சவனும் அவன் சொல்லுக்கு அடங்குவான்.

பந்தைப் பிடிச்ச பிறகு ரண்டு அடி. மூண்டாவது வைச்சால் ட்ரவலிங் எண்ட பிழை. நிண்டு பிடிச்சால் ஒரு கால் ஊண்டினபடி இருக்கவேணும், மற்றக் காலை எங்கையும் சுழட்டலாம். முப்பது வருசத்துக்கு முன்னம் கூட விளையாடினவங்கள் வாயால் சொன்னதுதான் அவனுக்குப் புத்தகம்.

போன மாதம் கப்புக்கான இறுதி ஆட்டம். கடைசி நிமிசத்தில் சொந்த ஊர்ப் பிள்ளை ஜெசிதா ஓடிப்போய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டாள். லெனாட் ட்ரவலிங் என்று ஊதினான். கூடை கணக்கில்லை. குருநகர் ஒரு புள்ளியால் தோற்றது. சொந்த ஊரென்றும் பார்க்காமல் ஊதினவன் என்று சந்தையில் அவனைத் தூக்கிப் பேசினார்கள். அங்கே மீன் விற்கிற கத்தரீனா, ஜெசிதாவின் தாய், அவளுங்கூட லெனாட் ஊதினால் சரியாய்த்தான் இருக்கும் என்று மகளை அடக்கினாள்.

பிறகு கம்பஸில் படிக்கிற கஜீவன், தான் போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினான். ஓடும்போது பந்து கைக்குள் அடங்குகிற நேரம் நிலத்தில் நிற்கிற கால் கணக்கில் வராதாம். அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு. சட்டம் மாறி வருசக்கணக்கு.

"அண்ணை, ஒரு அடி முந்தி எண்ணிப்போட்டியள்."

லெனாட் ஐந்தாறு தரம் பார்த்தான். பிழை தன்னுடையதுதான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விசில் போனால் ஊரில் அவனுக்கு வேறென்ன மரியாதை? ஆனால் பயிற்சியில் ஜெசிதாவைக் கண்டான். கூடைக்குக் கிட்ட வந்ததும் அந்த விசிலுக்குப் பயந்து ஒரு அடியைக் குறைத்து, தடக்கினமாதிரி நின்று எறிகிறாள். ஒன்றும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாகாண அணிக்கு ஆள் தெரிவு.

அவளை மறித்து, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே தன் பிழையைச் சொன்னான். சொல்லி முடிக்க வியர்த்துவிட்டது.

"அப்ப என்ரை கால் சரியோ, அங்கிள்?"

"சரி பிள்ளை. நான்தான் பழசைப் பிடிச்சுக்கொண்டு ஊதிப்போட்டன்."

பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்: "அப்ப கப்பை ஆர் திருப்பித் தாறது?"

ஜெசிதா பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். கூடைக்குக் கிட்டப் போனதும் கால் தானாக நின்றது. திரும்ப ஓடினாள். திரும்பவும் நின்றது. லெனாட் உருண்டுபோன பந்தை எடுத்து அவளிடம் எறிந்தான். ஞாயிறுக்கு மூன்று நாள்தான் இருந்தது.