ஆறிப்போன பிரேக்

‘ரோட்டுக்கும் ஆகும், ட்ராக்குக்கும் ஆகும்’ என்று பிரேக் பேட் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அது எனக்குத் தெரியாததல்ல. சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் பட்டாசு லேபிள் ஆர்டர் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. காதைக் கிழிக்கும் வெடிக்குப் பூனைக்குட்டி படம் போட்டுக் கேட்டால் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அப்படிப்பட்ட நானே ஒரு பெட்டியின் மேல் இருந்த வரியை நம்பினேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வரவேண்டும், வரமாட்டேன் என்கிறது.

வீடு விருதுநகரில், சூலக்கரைப் பக்கம். என்னிடம் இருப்பது ஒரு பழைய சிவப்புக் கார். திங்கள் முதல் சனி வரை அது சாத்தூர், அச்சங்குளம், ஏழாயிரம்பண்ணை என்று பட்டாசு ஆபீஸ்களைச் சுற்றும். பட்டாசு செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வருஷத்தில் மூன்று நான்கு ஞாயிறுகளில் அதே காரைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்குக்கு ஓட்டிக்கொண்டு போவேன். காசு கட்டினால் யாரும் அங்கே ஓட்டலாம். நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று என் மனைவி கேட்பதில்லை. ஹெல்மெட்டை மட்டும் பழைய துணி மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவாள்.

சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற சாதாரண பிரேக் பேட் ட்ராக்கில் நான்கு சுற்றுக்குத்தான் தாங்கியது. ஐந்தாவது சுற்றில் வளைவுக்கு முன்னால் மிதித்தேன். மிதி கீழே போனது, கார் நிற்கவில்லை. புல்லில் இறங்கிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றேன். பேட் கருகிய நாற்றம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வேறு பேட் வாங்கலாமென்று கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அது என் முதல் தப்பு. கல்யாண வீட்டில் சம்பந்திப் பெருமை பேசுவது போல ஆளாளுக்குத் தங்கள் பேட்டின் பெருமையைப் பேசினார்கள். ட்ராக் பக்கமே போயிராதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். கடைசியில் எல்லோரும் கைகாட்டிய ஒரு பேட்டை வரவழைத்தேன். அதன் பெட்டியில்தான் அந்த வரி இருந்தது.

சாத்தூர் ரோட்டில் என் மெக்கானிக்கின் பட்டறை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். பட்டாசு ஆபீஸ்களின் லோடு வண்டிகள் பலவும் அவர் கையில்தான் ஓடின. பேட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பெட்டியைப் பார்க்கவே இல்லை.

“இது சூடு ஏறினாத்தான் புடிக்கும் அண்ணாச்சி. நீங்க போறது வெடி ஆபீசு. அங்கன சூடு ஏறின வண்டிய உள்ள விடமாட்டாக. ஆறின பெறகு இது புடிக்காது. ரெண்டு செட்டு வச்சுக்கங்க, ட்ராக்குக்குப் போறன்னைக்கு மாத்திக்கிடலாம்.”

மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வலித்தது. அதைவிட, ரேஸ் பேட் போட்ட கார் பஜாரில் கிறீச்சென்று கத்திக்கொண்டு நிற்கும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிற ஆசையும் இருந்தது. இதை வெளியில் சொல்ல நாக்கு கூசுகிறது. இதையே போடுங்கள் என்றேன். அவர் மறுபடி ஒரு தரம் சொல்லிவிட்டுப் போட்டார்.

ட்ராக்கில் அந்த பேட் அற்புதமாகப் பிடித்தது. அதை மறுத்தால் அது இன்னொரு பொய். ஊரில்தான் கஷ்டம். சக்கரமெல்லாம் கறுப்புத் தூள் அப்பியது, வீட்டிலிருந்து கிளம்பியதும் முதல் இரண்டு திருப்பங்களில் மிதியை ஏறி மிதிக்க வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளில்லாத ரோட்டில் வேண்டுமென்றே நாலைந்து தரம் அழுத்தி மிதித்துச் சூடேற்றிக்கொள்வேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஏழாயிரம்பண்ணைக்கு அந்தாண்டை ஒரு ஆபீஸ். அதன் கேட்டில் இருக்கும் காவலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் குனிந்து புறங்கையை நான்கு சக்கரங்களிலும் வைத்துப் பார்ப்பார். சுட்டால் வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். ஆறிய பிறகுதான் கேட் திறக்கும். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவது போல அவர் தொடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். சட்டத்தில் இல்லாத சடங்கு என்று முனகுவேன்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். லேபிள் மாதிரிகளோடு அங்கே போனேன். வழியெல்லாம் மிதித்துச் சூடேற்றித்தான் போனேன். காவலாளி முன்சக்கரத்தில் புறங்கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். வேப்பமரத்தைக் காட்டினார். முக்கால் மணி நேரம் மரத்தடியில் அவரைத் திட்டிக்கொண்டு நின்றேன். பிறகு வந்து தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது, போங்கள் என்றார்.

ஆறிவிட்டது என்ற சொல் என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. மெக்கானிக் சொன்னதும் ஞாபகத்துக்கு வரவில்லை. கேட்டிலிருந்து கணக்கறை வரை இறக்கம். கணக்கறைச் சுவரின் நிழலில் ஆறேழு பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப்பூச்சு, கழுவியும் போகாதது. எப்போதும் நிறுத்தும் இடத்தில் மிதித்தேன். மரக்கட்டையை மிதித்தது போல இருந்தது. கார் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன்.

ஓரத்தில் இருந்த பெண் காலை மடக்கிக்கொண்டாள். அவள் கால் இருந்த இடத்தை ஒட்டி அவளுடைய தூக்குவாளி இருந்தது. டயர் அதை நசுக்கிவிட்டு நின்றது.

அந்தப் பெண் நசுங்கிய வாளியை டயருக்கு அடியிலிருந்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. “பிரேக்கு புடிக்கலயா அண்ணாச்சி?” என்று கேட்டாள். அவள் என்னை ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போர்மேன் ஓடிவந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்போது என் வாயிலிருந்து வந்ததை இன்று நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

“மெக்கானிக் போன வாரம்தான் பேட் மாத்தினான். சரியா மாட்டல போல.”

எந்த மெக்கானிக் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெடி ஏற்றுகிற எங்கள் வண்டியையும் அவன்தானே பார்க்கிறான் என்று போர்மேன் அங்கேயே தலையில் கை வைத்தார். அந்த வாரமே இரண்டு லோடு வண்டிகளும் வேறு பட்டறைக்குப் போயின. செய்தி பரவி, அச்சங்குளத்து ஆபீஸ் வண்டியும் போனது.

பத்து நாள் கழித்துச் சாதாரண பேட்டை மாட்டப் பட்டறைக்குப் போனேன். லோடு வண்டிகள் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி வேலையைப் பார்த்தார். கழற்றிய ரேஸ் பேட்டுகளை நாளிதழில் சுற்றி என் கையில் கொடுத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“நான் ரெண்டு தடவ சொன்னேன் அண்ணாச்சி. அத மட்டும் அவுகட்ட சொல்லிருங்க.”

அன்றைக்கே போனேன் என்று எழுத ஆசைதான். மூன்று நாள் கழித்துத்தான் போனேன். ஆர்டர் போய்விடுமோ என்று மூன்று நாளும் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். போர்மேனிடம், மெக்கானிக் மேல் தப்பில்லை, வேண்டாம் என்று சொல்லியும் நான்தான் போடச் சொன்னேன் என்றேன். அன்றும் சாப்பாட்டு நேரம். அன்றும் அந்தப் பெண்கள் நிழலில் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி போர்மேன் என்னைத் திருப்பிக் கேட்டார். இன்னொரு தரம் சொன்னேன். அவர் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

லோடு வண்டிகள் திரும்ப வந்துவிட்டன. ஆர்டரும் போகவில்லை. இப்போது காரில் இருப்பது சாதாரண பேட், ஆறியிருந்தாலும் பிடிக்கும். காவலாளி புறங்கையை வைத்துப் பார்த்து உடனே விட்டுவிடுகிறார்.

பொய் சொன்ன பிறகு போனபோதெல்லாம் அந்தப் பெண்கள் அசையாமல் அதே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தப்பு மெக்கானிக்குடையது, அதைச் சரிசெய்தாயிற்று என்று நம்பியிருந்தார்கள். உண்மையைச் சொன்னதிலிருந்து அப்படியில்லை. என் சிவப்புக் கார் கேட்டுக்குள் நுழைந்ததுமே எல்லோரும் பாதிச் சாப்பாட்டில் தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். நான் இன்ஜினை அணைத்து இறங்குகிற வரைக்கும் வெயிலில் நிற்கிறார்கள்.