இரண்டு விரல் இடம்

என் தங்கை மகனுக்கு வாக்கப்பட்டு வந்தவளை எங்கள் ஆட்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேப்பு என்றால்தான் தெரியும். கழுத்தில் சங்கிலி இல்லாமல் அவளைப் பார்த்திருக்கிறேன், அளவு டேப் இல்லாமல் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலை எனக்குக் காபி கொண்டுவந்து தந்தாள், அப்போதும் கழுத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. "பழக்கதோஷம் பெரியம்மா" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

தையல்காரி. வீட்டுக்குக் கீழேயே கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டுப் பலகை, ஓர் ஆளுயரக் கண்ணாடி, மூலையில் வெட்டுத்துணி மூட்டை. அவ்வளவுதான் கடை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாப்பிள்ளைக்குப் பேண்டை உடம்போடு ஒட்டித் தைத்துக் கொடுத்துவிட்டாளாம். அந்த மனுஷன் விருந்தில் உட்கார்ந்ததும் பின்பக்கம் டர்ரென்று போய்விட்டது. விருந்து முடிகிறவரைக்கும் எழுந்திருக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். பெண் வீட்டார் பயந்துபோனார்கள், இந்தத் தீனிக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று. அதிலிருந்து டேப்புக்கு ஒரு சட்டம். யாரை அளந்தாலும் டேப்புக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல். "ஆள் மூச்சு விடணும்ல" என்பாள்.

என் தங்கை கண்ணை மூடும்போது மகனுக்குக் கல்யாண வயது, மகளுக்குப் பத்து வயது. மறு வருஷம் டேப்பு வந்தாள். வந்தவளுக்குப் புருஷனோடு சேர்த்து ஒரு வளர்கிற நாத்தனாரும் கிடைத்தாள். வளர்கிற என்றால் சும்மா இல்லை. பதின்மூன்று வயதில் அண்ணியைத் தாண்டிவிட்டாள், பதினைந்தில் அண்ணனை. அந்த உயரம் எங்கள் பக்கத்துச் சொத்து இல்லை. என் தங்கையின் மாமனாருக்கு ஓர் அண்ணன் இருந்தார், நிலையில் இடித்து இடித்தே நெற்றி புடைத்தவர். அவர் வழியில் வந்தது. நெட்டை என்ற பேரும் அப்படியே நிலைத்துவிட்டது.

"ஒரு பாவாடைக்கு மூணு தடவை மடிப்புப் பிரிச்சாச்சுடி. இனிமே பிரிக்க மடிப்பும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. வளர்றதை நிறுத்து" என்பாள் அண்ணி.

"நீங்கதானே அண்ணி இடம் விட்டுத் தைக்கிறீங்க. இடம் இருக்கேன்னு வளர்றேன்" என்பாள் இவள்.

அந்த உயரம் அவளைக் கூடைப்பந்துக்குக் கொண்டுபோனது. பெரிய கிளப்புகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, புதிதாக வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எடுக்கும். போன வருஷம் கடைசியில் நின்ற கிளப்புக்கு முதல் வாய்ப்பு. அந்த முதல் வாய்ப்பில் முதல் பேராக எங்கள் நெட்டையின் பேரைச் சொன்னார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த டேப்பு கத்திய கத்தலில், அளவு கொடுக்க நின்றிருந்த அம்மாள் பாதி ரவிக்கையோடு தெருவுக்கு ஓடிவிட்டாள்.

ஐந்தாவது ஆட்டம். எம்பிப் பந்தைப் பிடித்தாள், இறங்கினாள், இடது கால் ஊன்றியபடி உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் இடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. பட்டன் தெறித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று பின்னால் சொன்னாள். முட்டிக்குள் எலும்பைப் பிடித்திருக்கிற நார் அறுந்துவிட்டது. முதல் பேராக எடுக்கப்பட்டு, இதே முட்டியால் வீட்டோடு போன பிள்ளைகள் எத்தனையோ பேர் என்று பேப்பரில் எழுதினார்கள். டேப்பு அந்தப் பேப்பரை வெட்டுப் பலகையில் விரித்து, அந்தச் செய்தி மேலேயே கத்தரிக்கோலை வைத்து மறைத்துவிட்டாள்.

டாக்டர் தொடைக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் நார் எடுத்து அறுந்த இடத்தில் வைக்கப்போவதாகச் சொன்னார். எங்களுக்கெல்லாம் பயமாகிவிட்டது, ஒன்றும் விளங்கவும் இல்லை. டேப்பு ஒருத்திக்குத்தான் உடனே விளங்கியது. "மடிப்புல இருக்கிற துணியை எடுத்துக் கிழிசலுக்கு ஒட்டுப் போடறாங்க. அதே துணிதான், சாயம் மாறாது. பயப்படாதீங்க."

இரண்டு மாதம் கிளப்பிலேயே வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளப்பின் பிசியோதெரபிக்காரம்மா ஓர் அட்டவணை கொடுத்தாள். திங்கட்கிழமை காலை எழுந்ததும் இரண்டு முட்டியையும் சுற்றி அளந்து போனில் அனுப்ப வேண்டும். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் ஓடலாம், குதிக்கலாம். வராவிட்டால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கிளம்பும்போது வித்தியாசம் ஒன்றரை.

"டேப்பை ஒட்டிப் பிடிச்சு அளக்கணும். வீட்டுல யாருக்காவது அளக்கத் தெரியுமா?" என்று கேட்டாளாம்.

எங்கள் வீட்டில் கேட்கிற கேள்வியா அது!

முதல் திங்கட்கிழமை நல்ல கால் முப்பத்தேழு, அடிபட்ட கால் நாற்பது. வண்டியில் வந்த அலுப்பு, வீங்கியிருக்கும் என்று நினைத்தார்கள். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்பதரை, அதோடு நின்றுவிட்டது. ஐஸ் வைத்தார்கள், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தார்கள். நெட்டை வெட்டுத்துணி மூட்டையைக் காலில் கட்டித் தூக்கி இறக்கினாள், அது மட்டும்தான் அனுமதி. எண் அசையவில்லை.

"அண்ணி, எனக்கு வலியே இல்லை. மடக்கினா நல்லா மடங்குது" என்பாள் நெட்டை.

"வலி இல்லைன்னு நீ சொல்லுவே. ஆடணும்கிற ஆசையில சொல்லுவே. டேப் பொய் சொல்லாது."

பிறகு அவளும் வாதாடுவதை விட்டுவிட்டாள். திங்கட்கிழமை அளக்கும்போது தலையணையை முகத்தில் அமுக்கிக்கொள்வாள். எண்ணைக் கேட்கப் பிடிக்காமல் காதையும் பொத்திக்கொள்வாள். மூன்று மாதம் இப்படியே ஓடியது. கிளப்பிலிருந்து ஆள் வந்து பார்க்கவில்லை. எண்தான் வாராவாரம் போகிறதே.

கடைசியில் கிளப்பிலிருந்து போன் வந்தது. அடுத்த வருஷத்துக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை மூடுகிறது. அன்று காலையில் வந்தால் டாக்டர் பார்ப்பார். வீக்கம் இப்படியே இருந்தால் இன்னொரு ஆபரேஷன், பட்டியலில் பேர் இருக்காது.

அண்ணியும் நாத்தனாரும் புறப்பட்டார்கள். மூட்டை தூக்க அண்ணன், வாய் பார்க்க நான்.

கிளப்பின் பயிற்சி அறை நீளமானது. சுவரெல்லாம் ரப்பர் பட்டைகள் தொங்கின. பிசியோ நெட்டையைக் கட்டிலில் உட்காரவைத்து நல்ல காலை அளந்தாள். முப்பத்தேழு. அடிபட்ட காலை அளந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் அளந்தாள்.

"முப்பத்தேழரை. என்னம்மா இது, திங்கட்கிழமை முப்பத்தொன்பதரைன்னு அனுப்பினீங்க?"

"இஞ்சுப் பக்கம் பாத்து எழுதிட்டியா?" என்றான் புருஷன்காரன்.

"நீங்க சும்மா இருங்க. முட்டி முப்பத்தொன்பது இஞ்சு இருந்தா அது முட்டியா, யானைக் காலா?" என்று அவனை அடக்கிவிட்டு, டேப்பு பிசியோவிடம் சொன்னாள்: "நீங்க ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்கம்மா. பாவம், மூச்சு விட வேண்டாமா?"

"எது மூச்சு விடணும்?"

"முட்டி."

பிசியோ தன் டேப்பை அவள் கையில் கொடுத்தாள். "எப்படி அளந்தீங்க, செஞ்சு காட்டுங்க."

டேப்பு நல்ல காலை ஒட்டிப் பிடித்து அளந்தாள். முப்பத்தேழு. அடிபட்ட காலுக்கு வந்ததும், அவள் அறியாமலே இரண்டு விரல் டேப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. முப்பத்தொன்பதரை.

நெட்டைதான் முதலில் வாய் திறந்தாள். "அண்ணீ!"

"அடிபட்ட கால்டி! அதை எப்படி இறுக்க மனசு வரும்? நல்ல காலுக்கு விரல் எதுக்கு, அதான் அதை ஒட்டிப் பிடிச்சேன்..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, தன் விரலையே பார்த்தாள். "அப்போ மூணு மாசமா நான்தான் உன்னைப் படுக்க வச்சிருந்தேனா?"

பிசியோ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சட்டென்று எழுந்து, "பட்டியல்!" என்று டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்து முட்டியை மடக்கினார், நீட்டினார், முன்னால் இழுத்துப் பார்த்தார். நார் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஆனால் மூன்று மாதமாக ஓடாததால் தொடை மெலிந்திருந்தது. கூடவே வந்த மேனேஜர் கையில் பட்டியலோடு நின்றார். "குதிக்கவே ஆரம்பிக்கலையே. இந்த நிலைமையில நான் எப்படிப் பேர் எழுதறது?"

டேப்பு எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை. "சார், தப்பு என் விரல்ல. அதுக்கு அவ காலுக்குத் தண்டனை குடுக்காதீங்க. கொஞ்சம் இடம் விடுங்க சார். உங்க சட்டையைத் தைச்ச ஆள் ஒரு விரல்கூட இடம் விடலை, பாருங்க, நீங்க பேசறதுக்கே மூச்சு வாங்குது."

மேனேஜர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். நடுப் பட்டன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மேனேஜரும் சிரித்தார், பட்டன் தெறித்து நெட்டையின் மடியில் விழுந்தது.

"இந்தச் சத்தம்தான் டாக்டர் அன்னைக்குக் கேட்டேன்" என்றாள் அவள்.

பட்டியலில் பேர் நின்றது, ஒரு நிபந்தனையோடு. இரண்டு மாதத்தில் ஒற்றைக் காலில் தாண்டிக் காட்ட வேண்டும். நல்ல கால் தாண்டுகிற தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது அடிபட்ட கால் தாண்ட வேண்டும். பிசியோ புது அட்டவணை எழுதி, மேலே சிவப்பு மையில் 'அண்ணி அளக்கக் கூடாது' என்று போட்டுக் கொடுத்தாள். டேப்பு அங்கேயே மேனேஜர் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

நெட்டை கிளப்பிலேயே தங்கி ஓடினாள், படி ஏறினாள், குதித்தாள். முதல் தடவை தாண்டியபோது பாதி தூரம்தான். கடைசி நாளில் பத்தில் ஒன்பதுக்கு மேலேயே ஒரு சாண் தாண்டிவிட்டு, அண்ணிக்குப் போன் போட்டு, "நான் அளக்கலை, அவங்கதான் அளந்தாங்க" என்றாள்.

அடிபட்டுப் பதினொன்றாம் மாதம் அவள் திரும்ப ஆட வந்தாள். நாங்கள் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் முட்டியில் இருந்த உறை டேப்பு தைத்தது. கெட்டியாகப் பிடிக்க வேண்டும், இடமே விடக் கூடாது என்று பிசியோ மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தாள். இதைத் தைக்கும்போது இடது கையின் இரண்டு விரலை நூலால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் தைத்தாளாம்.

பந்து வந்தது. நெட்டை எம்பினாள். டேப்பு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் நுனியைப் பல்லில் கடித்தாள். "இறங்கிட்டாளா பெரியம்மா? எந்தக் கால்ல?"

"அதே கால்லதான். நின்னுட்டு இருக்கா. ஓடறா பாரு."

ஆட்டம் முடிந்ததும் நெட்டை வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தாள், இரண்டிரண்டு படியாக. வந்ததும் முதல் வார்த்தை: "என்ன அண்ணி உறை தைச்சிருக்கீங்க? மூச்சே விட முடியலை!"

"முட்டி எதுக்குடி மூச்சு விடணும்?" என்றாள் டேப்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.