எந்த மணி?

பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைச் சொன்னதும், "இவ்வளவுதானா? மீதி எங்கே?" என்று டீச்சர் கேட்டதாக நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்து சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவர் முகத்தை நான் ஒரு தடவை உற்றுப் பார்ப்பேன். ஏன் என்று எழுதி வைக்கிறேன். பெரியவள் படித்துச் சின்னவனுக்குச் சொல்லட்டும்.

என் பெயர் மணி. முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. மற்ற மணிகளுக்கெல்லாம் சுப்பிரமணி, மணிகண்டன், மணிமாறன் என்று வீட்டில் ஒரு முழுப்பெயர் இருக்கும். வெளியே வரும்போது பாதியைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். எனக்குக் கழற்ற ஒன்றும் கிடையாது. அஞ்செட்டிப் பக்கம் அடுத்தவர் காடுகழனியில் வேலை செய்த உங்கள் தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"நீட்டமா வெச்சா காட்டுக்காரங்க பாதியா வெட்டித்தான் கூப்புடுவாங்க. அதான் வெட்டறதுக்கு மிச்சம் இல்லாத பேரா வெச்சேன்" என்றார்.

ஓசூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் இந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரிந்தது. தொழிற்பேட்டை பஸ் நிற்கும் இடத்தில் "மணி!" என்று ஒரு குரல் கொடுத்தால் டீக்கடைக்காரர் நிமிர்வார், ஷேர் ஆட்டோக்காரர் பிரேக் போடுவார், பஸ்ஸுக்குள்ளிருந்து இரண்டு தலை எட்டிப் பார்க்கும். தமிழ்க்காரரும் வைக்கிறார்கள், தெலுங்குக்காரரும் வைக்கிறார்கள், கன்னடக்காரரும் வைக்கிறார்கள். பெயரைக் கேட்டு வீட்டில் என்ன பாஷை, என்ன சாமி என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற இடத்தைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஸ்டோர்ஸ் மணி, பெயின்ட் மணி, பிரஸ் மெஷினில் நிற்கிற நான் பிரஸ் மணி. கேன்டீனில் யாராவது மறந்துபோய் "மணி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும். "எனக்கு ஒண்ணும் ஆகலப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்று மூலைக்கு ஒருவர் பதில் சொல்வார்.

என் பக்கத்து மெஷினில் ஆனேக்கல்காரர் ஒருவர் இருந்தார். "எங்க கன்னடத்துல மணின்னா வளைஞ்சு குடுன்னு அர்த்தம் குரு. சூப்பர்வைசர் உன்ன பேர் சொல்லிக் கூப்புடும்போதெல்லாம் குனியத்தான் சொல்றாரு. நீயும் 'சார்'னு போய் நிக்கிற" என்பார். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். வீடு தேடி அலைந்தபோது அது நினைவுக்கு வந்து உறுத்தியது.

நாம் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பெரியவளே, உனக்கு ஒன்றாம் வகுப்பில் அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. எனக்கு ஷிஃப்ட் வேலை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தால்தான் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உன்னைக் கொண்டுபோய் விட முடியும். பள்ளி திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும். இல்லாவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

போன இடத்திலெல்லாம் பெயர் கேட்டார்கள்.

"மணிங்க."

"முழுப்பேரு?"

"அவ்ளோதாங்க."

"அப்பா பேரு? எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்றதுமே எனக்கு விளங்கிவிடும். "சொந்தக்காரங்க வரேன்னு சொல்லியிருக்காங்க" என்பார்கள். பத்து நாள் கழித்துப் போனாலும் வாடகைக்கு என்ற அட்டை அங்கேயேதான் தொங்கும்.

கடைசியில் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற ரோட்டில் ஒரு மாடி வீடு. கீழ்வீடு காலி, மாடியில் வேறு குடித்தனம், வீட்டுக்காரர் இருந்தது அடுத்த தெருவில். அவர் அணைத் தண்ணீரில் தக்காளி போடுகிற விவசாயி. பெயரைக் கேட்டார், கம்பெனியைக் கேட்டார். முழுப்பெயரைக் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. உடனே போனை எடுத்து, எங்கள் கம்பெனி ஆபீசில் இருக்கும் தன் மச்சானைக் கூப்பிட்டுத் தெலுங்கில் பேசினார். "மனவாடேனா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நம்மவன்தானா என்று அர்த்தம். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்திருப்பார். எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேச்சு தெலுங்குதான்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன தம்பி! நம்ம மணிதானா!" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

நம்ம மணி என்றால் எந்த மணி? ஸ்டோர்ஸ் மணி மத்தூர்க்காரர், தோப்பும் நிலமும் உள்ளவர், வீட்டில் தெலுங்கு. ஆபீஸ்காரர்களுக்கு மணி என்றால் அவர்தான். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

வெளியே வந்ததும், "அவரு பேரு கேட்டாரு, நீங்க உங்க பேரச் சொன்னீங்க. இதுல என்னாங்க பொய்?" என்றாள்.

குடிவந்தோம். நீ நடந்தே பள்ளிக்குப் போனாய். வீட்டுக்காரர் சம்சாரம் சொம்பில் தயிர் கொண்டுவந்து தருவார், "வாடி பாப்பா" என்று உன்னைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்தத் தயிர் எனக்கு இறங்காது. இது ஸ்டோர்ஸ் மணிக்கு வந்த தயிர் என்று தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர், "ஏந்தம்பி, மத்தூர் தோப்புல இந்த வருஷம் மா காய்ப்பு எப்படி?" என்று கேட்டார். மத்தூரில் எனக்கு நிற்க நிழல்கூடக் கிடையாது. "பரவால்லன்னு சொல்றாங்கண்ணா" என்றேன். ஸ்டோர்ஸ் மணி கேன்டீனில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் அழைப்பு வந்தது. "அடுத்த வாரம் எங்க கொலசாமிக்குப் பொங்கல். வெளியாள கூப்புடறதில்ல, நம்மாளுங்க மட்டுந்தான். குடும்பத்தோட வந்துடுங்க."

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்" என்றாள் அம்மா.

"அடுத்த வருசமும் ஒடம்பு சரியில்லயா?"

அங்கே போனால் யாராவது உன் கன்னத்தைக் கிள்ளி, உங்க தாத்தா ஊரு எது பாப்பா என்று கேட்பார்கள். நீ உள்ளதைச் சொல்வாய். சொல்லாமலிருக்க உனக்குப் பொய் பழக்க வேண்டும். அது என்னால் முடியாது.

வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போட வந்தபோது சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு நீங்க போன்ல விசாரிச்ச மணி நான் இல்லீங்க. அவரு ஸ்டோர்ஸ் மணி, மத்தூர்க்காரர். நான் பிரஸ் மணி. அஞ்செட்டிப் பக்கம்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நீ எந்த மணி?" என்றார். முந்தின நாள் வரைக்கும் 'நீங்க'.

"மணி மட்டுந்தாங்க."

மோட்டாரை அணைத்துவிட்டுப் போய்விட்டார். தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது.

தயிர் நின்றது. அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார் என்று இருவரும் பேச்சை நிறுத்துவோம். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குச் சந்தேகம்தான். மனசு மாறினாரா? ஆள் தெரியாமல் வீடு விட்டுவிட்டார் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று விட்டுவிட்டாரா? அம்மா மட்டும், "ஊடு இருக்குதில்ல, போதும். அவரு மனசுக்குள்ள போயா குடியிருக்கப் போறோம்?" என்றாள்.

போன வருஷம் மாடி காலியானது. வீட்டுக்காரர் என்னை வாசல் கேட் பக்கம் கூப்பிட்டார்.

"உங்க கம்பெனி ஆளாம். மேல கேக்கறான். பேரு மணியாம். எந்த மணின்னு விசாரிச்சுச் சொல்லு."

இந்தத் தடவை அவர் மச்சானுக்குப் போன் போடவில்லை. வந்தவர் பெயின்ட் மணி. அவர் ஊர், ஆட்கள், ஊரில் எந்தப் பக்கம், எல்லாம் எனக்குத் தெரியும்.

"தெரியுங்கண்ணா. பெயின்ட் மணி. நல்ல மனுசன். வேலைக்கு லேட்டா வந்து பார்த்ததில்ல."

"அது இல்ல. நான் கேக்கறது என்னன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதாங்க."

என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மாடிச் சாவியைக் கழற்றினார்.

இப்போது கேஸ்காரர் வந்து "மணி!" என்றால் மேலேயும் கீழேயும் கதவு திறக்கிறது. வீட்டுக்காரர் முதலில் மேலூட்டு மணி, கீழூட்டு மணி என்று பிரித்துக் கூப்பிட்டார். நாளாக நாளாக நடுவில் இருந்த 'ஊடு' மட்டும் உதிர்ந்துவிட்டது. மாடிக்காரர் மேல் மணி. நான் கீழ் மணி.

"மாடியத்தாங்க சொல்றாரு" என்கிறாள் உங்கள் அம்மா. இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "என்னங்கண்ணா?" என்று கேட்கிறேன்.