ஐஸ் வைத்த ரத்தம்

எங்கள் வேலையில் ரத்தத்தைக் குளிரவிடக் கூடாது. குளிர்ந்தால் தட்டணுக்கள் மிரண்டுபோய் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வெள்ளணுக்களின் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அளப்பதோ ஒட்டுதலைத்தான். மாரடைப்பு வந்தவர்களின் வெள்ளணுக்கள் ரத்தக்குழாயின் உட்சுவரை எவ்வளவு வேகமாகப் போய்ப் பிடித்துக்கொள்கின்றன என்று இருட்டறையில் உட்கார்ந்து பார்ப்பது இத்தனை வருடமாய் என் பிழைப்பு. ஆய்வகத்தில் எல்லோரும் என்னைவிட இளையவர்கள். காதில் எதையாவது மாட்டியிருப்பார்கள். "குட் மார்னிங் மேம்" என்பதோடு அன்றையப் பேச்சு முடிந்துவிடும்.

வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, மாடியில். கன்டெய்னர் லாரி போகும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். அந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது.

கீழ்வீட்டுக்காரர் காசிமேட்டில் ஏலம் கூவுகிறவர். விசைப்படகுகள் கரையேறும் விடியலில், கொட்டிக் கிடக்கும் மீனுக்கு விலை கேட்டுக் கத்துவது அவர் தொழில். வீட்டில் காப்பி கேட்பதும் அதே குரலில்தான். என் தரை அதிரும். அந்தக் குரல்தான் ஒருநாள் நின்றுபோனது. வஞ்சிரத்துக்கு இரண்டு தரம் சொன்னவர் மூன்றாம் தரம் சொல்லாமல் ஈரத்தரையில் சரிந்துவிட்டார். மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். தேறியாயிற்று, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் போகவில்லை. கத்தினால் உள்ளே கிழிந்துவிடும் என்று பயம். மனைவியை அழைப்பதுகூடக் கிசுகிசுப்பாய். அந்த அம்மாள் ஒற்றை ஆளாய்க் கூடை சுமந்து தெருத்தெருவாய் மீன் விற்றாள்.

சாயங்காலங்களில் அவர் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பார். நான் நாலு படி மேலே பையோடு உட்காருவேன்.

"டாக்டரம்மா, உள்ள இன்னாதான் ஆச்சு? கொழுப்பு அடைச்சிக்கிச்சுன்னாங்கோ. அவ்ளோவா துன்னுட்டேன் நானு?"

நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று. "செரி டாக்டரம்மா" என்பார்.

நான் சொன்னேன். கொழுப்பு மட்டும் இல்லை. சுவருக்குள் சேர்ந்த கொழுப்பு கெட்டுப்போகும்போது சுவரே ஆள் கூப்பிடும். ஓட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும் வெள்ளணு அந்த இடத்தில் தடுக்கி, உருண்டு, ஒட்டி, உள்ளே நுழையும். சுத்தம் செய்யத்தான் வருகிறது. தின்னும். தின்று தின்று நுரைத்து உப்பி, திரும்பிப் போக முடியாமல் அங்கேயே செத்து விழும். அதை அள்ள இன்னும் ஆட்கள் வருவார்கள். எல்லாவற்றையும் ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கும். அது கிழிகிற அன்றைக்கு அங்கே ரத்தம் உறையும்.

"கலீஜ வார வந்தவன் அவனே கலீஜாயிட்டான்னு சொல்லு."

"அப்படித்தான்."

"கத்துனா கிழியுமா?"

"கத்தலாம்னு டாக்டர் சொல்லிட்டாரே."

"அவரு ஏலம் வுட்டுகீறாரா?"

ஒரு மனிதர் என் வேலையைக் கேட்டு, அதற்குள் இறங்கி, கேள்வி கேட்டது அந்தப் படிக்கட்டில் மட்டும்தான். சாயங்காலம் வழக்கத்துக்கு முந்தைய ரயிலைப் பிடிக்க ஓடத் தொடங்கியிருந்தேன்.

ஆய்வுக்கு ரத்தம் தருகிறேன் என்று அவரே சொன்னார். "அது இன்னா சொல்லுதுன்னு பாரு. அது சொன்னா நம்புவேன்." ஒருத்தருக்கென்று தனியாகப் பதில் வராது, பலருடைய ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிற வேலை இது என்று விளக்கினேன். "வரலன்னா போவுது, எட்துக்கோ" என்றார்.

ஒரு காலையில் நர்ஸ் வந்து எடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். குழாய்களைத் தெர்மோகோல் பெட்டியில் நிறுத்தி, அவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் புடவை மாற்ற மேலே போனேன். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் பெட்டியை மூடி, கயிறு கட்டி, இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். "பத்ரமா எட்துகினு போ யக்கா." பெட்டி கனத்தது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் வழக்கம்போல் பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றது. எதிர் இருக்கைக்காரி காலைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னா மீனும்மா? தண்ணி ஊத்துது பாரு. கூடைக்காரங்க வெண்டர் பொட்டில ஏறக் கூடாதா?"

"மீன் இல்லம்மா."

"பின்ன?"

"ரத்தம்."

அவள் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டாள். நான் கயிற்றை அவிழ்த்தேன். உடைத்த ஐஸ். கழுத்துவரை அதில் புதைந்து குழாய்கள். காரப்பொடி மீன் வாசம் குப்பென்று வந்தது. அவர்கள் தெருவில் கெட்டுப்போகக் கூடாத எதையும் ஐஸில்தான் வைப்பார்கள். புருஷனின் ரத்தத்தையும் அப்படியே வைத்திருக்கிறாள்.

அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குளிரில் ஒட்டியதா, நோயில் ஒட்டியதா என்று யார் பிரிப்பது? அன்று முழுக்க எனக்கு வேறு கவலை. கெட்டுப்போச்சு என்று சொன்னால் அவர் அதையே சகுனமாக எடுத்துக்கொண்டு இன்னும் சுருண்டுவிடுவாரோ?

சாயங்காலம் இருவரும் படியில் காத்திருந்தார்கள்.

"இன்னா டாக்டரம்மா, நம்ம சரக்கு நல்லா கீதா?"

சொன்னேன். அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்ய! ஐஸே இல்லாம வெச்சிகீறாங்களே, வெயில்ல நாறிப்பூடுமேன்னு கூடைலேந்து அள்ளிப் போட்டேன் யக்கா. ஒனக்கு பேஜாராயிடுச்சா?"

அவர் அவளையே பார்த்தார். தோள்கள் குலுங்கின. பயந்துபோய் இரண்டு படி இறங்கினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, புருசன் ரத்தத்த சங்கரா மீனாட்டம் பேக் பண்ணிட்டியா?"

"கம்னு கெட. சிரிக்காத, நெஞ்சு வலிக்கப் போவுது."

அவர் எழுந்தார். வலது கை தானாக மேலே போனது.

"வா வா வா! காலைல புட்ச ரத்தம்! ஐஸு வெச்ச ரத்தம்! கண்ணப் பாரு, செவுளப் பாரு, செகப்பு பாரு! கேளு கேளு கேளு!"

துருப்பிடித்த கதவு போல் முதலில் கரகரத்த குரல் சட்டென்று திறந்துகொண்டது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா, மீனு வந்துகீதா?"

"ஒரு தரம்! ரெண்டு தரம்!"

நின்றார். கை மெல்ல இறங்கி நெஞ்சில் அமர்ந்தது. அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அந்த அம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். தெருவில் லாரி கூட இல்லை.

"மூணு தரம்!"

ஒன்றும் ஆகவில்லை. மூச்சிரைக்க நின்றவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எனக்கு நீட்டினார். "ஏலம் ஒனக்குதான் வுழுந்துச்சு. மறுக்கா எட்துக்கோ."

மறுமுறை எடுத்த ரத்தம் நல்லபடி வந்து சேர்ந்தது. அந்த வாரமே அவர் காசிமேட்டுக்குப் போகத் தொடங்கினார்.

இருட்டறையில் அவருடைய அணுக்கள் கண்ணாடித் தடத்தில் ஓடின. நிறைய ஒட்டின. ஒன்று மட்டும் ஒட்டியது, சற்று நின்றது, ஏதோ நினைவு வந்ததுபோல் பிடியை விட்டுவிட்டு ஓட்டத்தோடு போனது. அதற்கு ஆய்வில் மதிப்பு இல்லை. ஆனால் அவரிடம் சொன்னால் ஏதாவது சொல்வார். முந்தைய ரயிலைப் பிடித்தேன்.

கடைசிப் படி காலியாக இருந்தது. கீழ்வீட்டுக் கதவைத் திறந்த அம்மாள் உதட்டில் விரல் வைத்தாள். "இப்பதான் கண்ணசந்துச்சு யக்கா. விடிகாலைல போய் கத்தணுமில்ல." உள்ளே போய்ப் பிளாஸ்டிக் பையில் ஐஸோடு சங்கராவைப் போட்டுக்கொண்டு வந்தாள். "இதுக்கு ஐஸு வெக்கலாமில்ல?"

சிரித்தோம். கதவு சாத்திக்கொண்டது.

நான் அவர் படியில் உட்கார்ந்தேன். உள்ளே அவருடைய குறட்டை, நல்ல உரத்த குறட்டை. கன்டெய்னர் லாரி ஒன்று போயிற்று. மேலே பூட்டிய வீட்டுக்குள் டம்ளர்கள் பேசிக்கொள்வது இங்குவரை கேட்டது. அங்கே யாரோ வந்து எனக்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. மடியில் இருந்த பையின் ஐஸ் உருகிப் புடவையை நனைத்த பிறகு எழுந்து போனேன்.