அத்தை சொன்னதும் நான் எழுதியதும்

என் படிப்பைப் பற்றி அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அந்த ஒரு தடவைக்காக இன்றுவரை நான் அவரை மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இறந்தவரைப் பற்றி மகளே இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பாடம் மனோதத்துவம். கேரள எல்லைக்குள் பெருமாட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அது என்ன படிப்பு என்று யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. சனிக்கிழமை வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினால், இப்போது என் மனசில் என்ன இருக்கிறது சொல்லு பார்க்கலாம் என்று வழியிலேயே நிறுத்திக் கேட்பார்கள். உங்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று பதில் சொல்வேன். வாய்க்கொழுப்பு என்று அம்மா திட்டுவாள். ஆனால் நான் சொன்னது பாடத்தில் உள்ளதுதான்.

எங்கள் விரிவுரையாளர் முதல் வருஷம் முழுக்க அந்தத் தகராறைத்தான் நடத்தினார். மனசைப் பற்றித் தத்துவக்காரர்கள் காலங்காலமாகப் பேசினார்களே தவிர, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. ஜெர்மனியில் ஒரு பேராசிரியர்தான் பல்கலைக்கழகத்தில் ஓர் அறையை இதற்கென்று ஒதுக்கி, கருவிகளை வைத்து, ஆட்களை உட்காரவைத்து, உங்களுக்குள் இப்போது என்ன நடக்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டாராம். அன்றைக்குத்தான் இது விஞ்ஞானம் ஆயிற்று, நூறு வருஷம்கூட ஆகவில்லை என்பார் விரிவுரையாளர். எனக்குப் புல்லரித்துவிட்டது. சாப்பிட்டாயா, துவைத்தாயா என்று கேட்பார்களே தவிர, உனக்குள் என்ன நடக்கிறது என்று எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்டது கிடையாது. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் வார்த்தையை நம்பி ஒரு விஞ்ஞானமே நிற்கிறது என்றால் சும்மாவா?

அதற்குப் பிறகு அமெரிக்காவில் கிளம்பியவர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கு உள்ளே நடப்பதை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது, பொய் சொன்னாலும் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளப்போம் என்று மனசையே ஓரங்கட்டிவிட்டு எலிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பரீட்சைக்காக இரண்டையும் படித்தேன். ஆனால் நான் ஜெர்மனி கட்சி.

இரண்டாம் வருஷம் செய்முறை நோட்டுக்காக, பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவரை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லவைக்கும் இந்த அகநோக்குச் சோதனையைச் செய்து வரச் சொன்னார்கள். நான் அத்தையைத் தேர்ந்தெடுத்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மாமா எழுதிவைத்துவிட்டுப் போன மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில், ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். தேங்காய் போட வரும் ஆட்களை அதட்டி வேலை வாங்குவாள். மோட்டார் மக்கர் பண்ணினால் மெக்கானிக்குக்குக் காத்திருக்காமல் தானே ஸ்பானரை எடுப்பாள். தோப்பை என் அண்ணன் பேருக்கு எழுதிக்கொடுத்துவிடு என்று அப்பா இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். நான் இருக்கும்வரை என் பேரிலேயே இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அதிலிருந்து அப்பா தோப்புப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார்.

சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அலாரம் டைம்பீஸை மேஜைமேல் வைத்து, கண்ணை மூடி ஐந்து நிமிஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டு, உள்ளே தோன்றுவதையெல்லாம் தோன்றியபடியே சொல்ல வேண்டும். கல்லூரியில் என் தோழிகள் இதைச் செய்யும்போது சிரித்தே கெடுத்துவிடுவார்கள். அத்தை சிரிக்கவில்லை. முதல் நாளே, ஒரு சத்தம் கனமாகவும் அடுத்தது லேசாகவும் கேட்கிறது, கொஞ்ச நேரத்தில் கனமும் லேசும் இடம் மாறிக்கொள்கிறது, ஆனால் கடிகாரம் அப்படி அடிக்காது, நான்தான் அப்படிக் கேட்கிறேன் என்றாள். படித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்த விஷயம் அது. எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். விரிவுரையாளர் அசந்துபோய், இவரை விடாதே, வாரா வாரம் செய் என்றார்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அத்தை கண்ணைத் திறக்காமலே வேறொன்று சொன்னாள். காலையில் தண்ணீர் பாய்ச்சி முடித்து மோட்டாரை நிறுத்தியதும் ஒரு அமைதி வரும் இல்லையா, அப்போது மாமாவின் குரல் கேட்குமாம். பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டாராம். அந்தக் கோடி மரத்துக்குத் தண்ணி போகலை, போய் மடையை மாத்து என்பது மாதிரி இரண்டு வார்த்தை.

“செத்தவருதான், எனக்குத் தெரியாதா கண்ணு? நாந்தான் கொள்ளிக்கு முன்னால நின்னு பாத்தேன். இருந்தாலும் கேக்குது. உள்ள இருக்கறதை அப்படியே சொல்லோணும்னு நீ கேட்டியல்ல, அதான் சொன்னேன். இதைய யாருகிட்டயும் சொன்னதில்லை” என்றாள்.

வாத்தியாரைத் தவிர யாருக்கும் காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன். நோட்டில் அத்தையின் பெயர் கிடையாது, சோதனைக்கு உட்காருபவர் என்ற பொருளில் சப்ஜெக்ட் என்றுதான் இருந்தது. எழுதும்போது எனக்கு அவளுக்காகத் துக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நல்ல பக்கம் ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். உன் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள், எனக்கும் கொஞ்சம் சொல்லேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனிடம் மட்டுமே உட்கார்ந்து பேசுகிறவர் அவர். ஜெர்மனியில் ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். சோதனை என்கிறாயே, நீ செய்ததைக் காட்டு என்றபோது நோட்டை எடுத்துவந்து நானே வாசித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் என் வேலையிலேயே சிறந்த பக்கம் அதுதானே, பெயர்தான் இல்லையே என்று வாசித்துவிட்டேன். யாரை வைத்து எழுதியது என்று அப்பா கேட்கவில்லை, வாரா வாரம் நான் தோப்புக்குப் போனது அவருக்குத் தெரியும். நல்லா எழுதியிருக்கிறாய், இங்கேயே வைத்துவிட்டுப் போ, நான் நிதானமாகப் படித்துப் பார்க்கிறேன் என்றார். பஸ்ஸில் விடுதிவரைக்கும் சிரித்த முகத்தோடு போனேன்.

அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை. பத்து நாள் கழித்து அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார். அத்தைக்குச் சித்தம் சரியில்லை, கூடப்பிறந்தவன் என்ற முறையில் தோப்பைத் தானே பார்த்துக்கொள்ள உத்தரவு வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போடப்போகிறார். சொந்தக்காரர்கள் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்காக வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கடைசி வரியில், உன் நோட்டு அவரிடம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

விரிவுரையாளரிடம் ஓடினேன். இறந்தவர் குரல் கேட்பதாலேயே ஒருவர் பைத்தியம் ஆகிவிடமாட்டார், அவர் இறந்தவர் என்று அத்தைக்கே தெரிகிறது, இதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தம்மா வாயால சொன்னதைத் தவிர வேற என்ன சாட்சி இருக்கு? அதை வெச்சு நான் எதையும் எழுதித் தர முடியாது. அதனாலதானே அந்த முறையையே கைவிட்டுட்டாங்க” என்றார்.

ஒன்றரை வருஷமாக வகுப்பில் என்னைப் புல்லரிக்கவைத்த மனுஷர். அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாகப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். அத்தையை அண்ணன் போய்க் கூட்டிவந்தான். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று பேசுவதாக இருந்தேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்திருந்தேன். அதற்குள் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கையெழுத்தை, என் மொழியில், கணீரென்று வாசித்தார். என் எழுத்து எவ்வளவு தெளிவாக இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ பிராந்து என்று முணுமுணுத்தார். எங்கள் பக்கத்தில் பைத்தியத்துக்கு மலையாளத்து வார்த்தைதான்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் பேசினாள்.

“ஏனுங்கண்ணா, கடியாரச் சத்தத்தைக் கேக்கச் சொல்லுச்சு, கேட்டேன். அவரு செத்தாரு, போயிட்டாரு. செத்தவரு எங்காச்சும் பேசுவாருங்களா? மத்ததெல்லாம் இந்தப் புள்ளை மார்க்கு வாங்கறதுக்கு எழுதிக்கிட்டதுங்க.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தயார் செய்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது உதவாது. நோட்டில் உள்ளது அவள் சொன்னதுதான் என்றால் தோப்பு போகும். இல்லை என்றால் நான் புளுகி. அப்பா தாழ்ந்த குரலில், நிஜத்தைச் சொல்லு என்றார். நிஜம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஆமாங்கப்பா. நானா எழுதினதுதானுங்க” என்றேன்.

யாரும் கையெழுத்துப் போடவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். புளுகி எழுதிப் பாஸாகும் படிப்பு நம் வீட்டுக்கு வேண்டாம் என்று அப்பா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். படிப்பை அன்றோடு நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். அம்மா சண்டை போட்டதால் அந்த வருஷப் பரீட்சைக்கு மட்டும் விட்டார். அத்தை எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எல்லாமே கெட்டிருக்கும் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் பன்னிரண்டு பேர் எதிரில் அவள் என்னைப் புளுகி ஆக்கியது வலித்தது. நான் அவளுக்குச் செய்ததை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை, என் வலிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு மாசம் கழித்துத் தோப்புக்குப் போனேன். பத்து மணி இருக்கும். அத்தை மோட்டாரை நிறுத்திவிட்டு மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கோங்க அத்தை, நானே வாசிச்சுக் காட்டினேன், அப்பா கேட்டதும் மதி மயங்கிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தோப்பு தப்பித்ததே, அது போதும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அத்தை எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இல்லை.

“தோப்பு என்ன கண்ணு தோப்பு. அத்தனை பேரு முன்னால, அவரு பேசறதே இல்லைன்னு என்ற வாயாலயே சொல்லிப்போட்டனல்ல. அன்னைக்கிருந்து அவரு பேசறதே இல்லை.”